குறுக்கு வலிக்கு கைரோபிராக்டிக்: கையால தள்ளுறது, கருவியில தட்டுறது, பெட்ல இழுக்கிறது, மூணும் பண்ணிப் பார்த்தவன் எழுதுறேன்

நீலகிரி மலையில கேத்தியில இருந்து கீழ மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் லோடு ஓட்டுறது என் வேலைங்க, 11 வருசம் ஆச்சு. போன ஜனவரியில ஒரு நாள் விடியகாலம் மூணரை மணி, புல்லு மேல எல்லாம் உறைபனி உப்பு கொட்டுன மாதிரி கிடக்கு, கழுவுன கேரட் மூட்டை ஈரத்தோட இன்னும் கனம் கூடியிருக்கும், அதை பிக்கப்புல ஏத்துறப்போ லோடுமேன் தம்பி ஒரு பக்கம் பிடிக்க நான் ஒரு பக்கம் குனிஞ்சபடியே இடுப்பை மட்டும் திருப்புனேன், குறுக்குல சுருக்குன்னு ஒரு இழுப்பு. அப்படியே வண்டி டோரைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். நிமிரவும் முடியல, உக்காரவும் முடியல. அன்னைக்கு லோடை என் தம்பிதான் இறக்கிட்டு வந்தான்.

இதை ஏன் எழுதுறேன்னா, எங்க ஊர்ப் பக்கம் இப்போ குறுக்கு பிடிச்சவங்க எல்லாம் போன்ல கைரோபிராக்டிக்னு, அதாவது முதுகெலும்பைக் கையாலயோ கருவியாலயோ தள்ளி சரி பண்றதா சொல்ற வைத்தியம், அந்த எலும்பு "உடைக்கிற" வீடியோவைப் பார்த்துட்டு நேரா கோயம்புத்தூருக்கு இறங்கிடுறாங்க. என்ன பண்ணப் போறாங்க, அதுல எத்தனை வகை இருக்கு, எது யாருக்கு சரிப்படும்னு ஒண்ணும் தெரியாம நானும் அப்படித்தான் போனேன். ஏழு மாசத்துல மூணு இடம், மூணு விதமான முறை. இடத்தோட பேரு எதையும் சொல்லல, நான் ஒப்பிடப் போறது முறையைத்தான்.

முதல்ல போனது எங்க ஊருல சுளுக்கு எடுக்கிற தாத்தாகிட்ட. நீலகிரித் தைலம் போட்டு நீவி விட்டாரு, சூடு இறங்குன வரைக்கும் சுகமா இருந்துச்சு, மறுநாள் காலையில பழையபடி. அப்புறம் குன்னூர்ல ஒரு டாக்டரம்மா. இவங்களைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா பின்னாடி நான் போன எந்த இடத்தையும் இவங்க பார்த்த விதத்தை வச்சுத்தான் எடை போட்டேன். படுக்க வச்சு ஒவ்வொரு காலா நீட்டித் தூக்கிப் பார்த்தாங்க, கால் கட்டை விரலை மடக்கச் சொல்லி எதிர்த்து அழுத்துனாங்க, குதிகால்ல நடக்கச் சொன்னாங்க, நுனிக்கால்ல நடக்கச் சொன்னாங்க. ஒண்ணுக்குப் போறதுல சிரமம் இருக்கா, சைக்கிள் சீட்டுல உக்கார்ற இடம் மரத்துப் போன மாதிரி இருக்கா, காய்ச்சல் உண்டா, எடை குறைஞ்சுதா, விழுந்தீங்களான்னு வரிசையா கேட்டாங்க. எல்லாத்துக்கும் இல்லைன்னேன். அப்போ ஸ்கேன் வேண்டாம், வலி மாத்திரை 5 நாள், சுடுதண்ணிப் பை வைங்க, படுத்தே கிடக்காதீங்க, வீட்டுக்குள்ளயாவது நடங்கன்னு அனுப்பிட்டாங்க.

எனக்கு அப்போ மனசு ஒப்பல. இவ்வளவு வலிக்குது, ஸ்கேன் கூட எடுக்கலயேன்னு ஒரு ஆத்திரம். பின்னாடி படிச்சப்போதான் புரிஞ்சுது. வலியே இல்லாத ஆளுங்களோட ஸ்கேனைச் சேர்த்துப் பார்த்து 2015ல ஒரு தொகுப்பு ஆய்வு வந்திருக்கு, அதுல 20 வயசுக்காரங்கள்லயே 37 சதவீதம் பேருக்கு முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற தட்டு, அதான் ஜவ்வுன்னு சொல்றோமே, அதுல தேய்மானம் தெரியுது, 80 வயசுல 96 சதவீதம். அதாவது ஸ்கேன் எடுத்திருந்தா ஏதாவது ஒண்ணு தெரிஞ்சிருக்கும், "ஜவ்வு விலகிருச்சு"ன்னு ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு பயத்துலயே இன்னும் ஆறு மாசம் ஓடியிருக்கும்.

ரெண்டாவது வாரம் பொறுக்காம கோயம்புத்தூர் போனேன். முதல் இடம், கையால தள்ளுற முறை. கைரோபிராக்டருங்க இதை டைவர்சிஃபைட்னு சொல்றாங்க, உலகத்துல அதிகமா பண்றது இதுதான். ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்வாங்க, கீழ் காலு நீட்டி, மேல் காலை மடக்கி, மேல் தோளைப் பின்னாடி சாய்ச்சு, இடுப்பை முன்னாடி உருட்டி, துணியை முறுக்குற மாதிரி ஒரு நிலைக்கு கொண்டுட்டு வருவாங்க. மூச்சை விடுங்கன்னு சொல்லி, மூச்சு முழுசா வெளிய போற நேரத்துல ஒரே ஒரு தள்ளு. கால் செகண்டு கூட ஆகாது. வேகம் ரொம்ப ஜாஸ்தி, ஆனா தள்ளுற தூரம் ரொம்பக் கம்மி, அதுதான் இந்த முறையோட சூட்சுமம். படக் படக்னு ரெண்டு சத்தம். எனக்கு உயிரே போயிருச்சுன்னு நினைச்சேன், ஆனா வலிக்கல. எந்திரிச்சு நின்னப்போ ரெண்டு வாரமா நிமிர முடியாதவன் நிமிர்ந்து நின்னேங்க, கண்ணுல தண்ணி வந்துருச்சு, அது பொய்யில்ல.

அந்த சத்தத்தைப் பத்தி எல்லாருக்கும் ஒரு தப்பான எண்ணம் இருக்கு, எனக்கும் இருந்துச்சு. விலகுன எலும்பு டப்புனு இடத்துல போய் உக்காருதுன்னு. அங்க இருந்தவரும் அப்படித்தான் சொன்னாரு, "எல்4 (இடுப்புல நாலாவது எலும்பு) விலகியிருந்துச்சு, உக்கார வச்சுட்டேன்"னு. எலும்பு அப்படி விலகியிருந்தா எந்திரிச்சு கோயம்புத்தூர் வரைக்கும் பஸ்ல வந்திருக்க முடியுமா? மூட்டுக்குள்ள எண்ணெய் மாதிரி ஒரு திரவம் இருக்கு, மூட்டு சட்டுனு விரியும்போது உள்ள அழுத்தம் குறைஞ்சு காத்துக் குமிழி மாதிரி ஒரு வெற்றிடம் உண்டாகுது, சத்தம் அந்த நேரத்துலதான் வருது. கனடாவுல ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துல 2015ல விரல் மூட்டை எம்ஆர்ஐக்குள்ள வச்சு இழுத்து அதை அப்படியே படம் பிடிச்சிருக்காங்க. விரலை நெட்டி முறிக்கிறோமே, அதே சமாச்சாரம்தான் முதுகுலயும். வலி குறையறதுக்கு காரணம், இறுகிப் போன தசை கொஞ்சம் விட்டுக் கொடுக்குது, நரம்பு வழியா மூளைக்குப் போற வலிச் செய்தி கொஞ்ச நேரம் மட்டுப்படுதுன்னுதான் இப்போ சொல்றாங்க. சத்தம் வந்தாதான் வேலை செய்யும்னும் கிடையாது. எனக்கு மூணாவது தடவை சத்தமே வரல, ஆனா அன்னைக்கும் சுகம் கிடைச்சுது.

இந்த வைத்தியம் ஆரம்பிச்சது 1895ல, அமெரிக்காவுல டாவன்போர்ட்ங்கிற ஊருல, டி. டி. பால்மர்ங்கிறவரு. முதுகெலும்பு விலகுறதாலதான் உடம்புல நூத்துக்கு 95 நோயே வருதுன்னு அவரு நம்புனாரு. அந்தக் கொள்கை இன்னைக்கு விஞ்ஞானத்துல நிக்கல. ஆனா இடுப்பு வலிக்கு கையால தள்ளுற அந்த வைத்தியம் ஓரளவுக்கு உதவுதுங்கிறது ஆய்வுல நின்னிருக்கு. இது ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியணும். சர்க்கரை, ஆஸ்துமா, பிள்ளை இல்லாத குறை எல்லாத்துக்கும் முதுகை உடைச்சா போதும்னு யாராவது சொன்னா அங்கேயே செருப்பை மாட்டிட்டு வந்துருங்க.

சரி, முதல் இடம். தடவைக்கு 1000 ரூபாய், மூணு வாரத்துல நாலு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் அடுத்த ஒரு நாள் உழைச்ச அலுப்பு மாதிரி ஒரு வலி இருக்கும், அப்புறம் லேசாயிரும். குறைன்னு சொன்னா, முதல் நாள் என் காலைத் தூக்கிக்கூடப் பார்க்கல. பேரு, வயசு, எங்க வலிக்குது, படுங்க, அவ்வளவுதான். குன்னூர் டாக்டரம்மா பார்த்து அனுப்புனதால எனக்கு ஒண்ணும் ஆகல. நேரா வந்தவங்களுக்கு?

இன்னொண்ணு, மலையில இருக்கிறவங்களுக்கு மட்டும் இருக்கிற கஷ்டம் இது. கீழ போய் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, அஞ்சு நிமிசம் வைத்தியம் பார்த்துட்டு, திரும்பி மேல ஏறணும். அடிவாரத்துல கல்லார் தாண்டுனா 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் பஸ்சுக்குள்ள உடம்பு ஒரு பக்கம் சாயும், இடுப்பு மறுபக்கம் இழுக்கும். குன்னூர் வந்து இறங்குறப்போ கீழ கிடைச்ச சுகத்துல பாதி போயிருக்கும். நாலாவது தடவை மலைப்பாதை நடுவுல பர்லியார்ங்கிற ஊருல இறங்கி பத்து நிமிசம் நடந்துட்டு அடுத்த பஸ்சைப் பிடிச்சேன், அன்னைக்கு ரொம்ப வித்தியாசம் தெரிஞ்சுது.

பிப்ரவரி கடைசியில நல்லா ஆயிட்டேன், வண்டி எடுத்துட்டேன். ஆனா ஏப்ரல் கடைசியில ஊட்டி சீசன் டிராஃபிக், மேல வர்ற வண்டி குன்னூர் வழி, இறங்குற வண்டி கோத்தகிரி வழின்னு மாத்தி விடுவாங்க, மூணு மணி நேர வேலை ஆறு மணி நேரம் ஆகும், கிளட்சை மிதிச்சு மிதிச்சே மறுபடியும் குறுக்கு பிடிச்சுக்கிச்சு. இந்த தடவை சொந்தக்காரர் ஒருத்தர் சொல்லி வேற இடம் போனேன். அங்க கருவியில தட்டுற முறை.

பேனா மாதிரி கைக்கு அடக்கமா ஒரு ஸ்பிரிங் கருவி, நுனியில ரப்பர். குப்புறப் படுக்க வச்சு, ரெண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடிச்சு கால் நீளம் சமமா இருக்கான்னு பார்ப்பாங்க, அப்புறம் முதுகெலும்பு ஓரமா டிக் டிக் டிக்னு தட்டிக்கிட்டே வருவாங்க. 1960கள்ல அமெரிக்காவுல கண்டுபிடிச்ச ஐடியா இது, கையால தள்ளித் தள்ளி டாக்டருக்கே கை வலி வருதுன்னு யோசிச்சது. முறுக்குறது கிடையாது, சத்தம் கிடையாது, பயம் கிடையாது. முதுகை முறுக்குறதுன்னாலே நடுங்குறவங்களுக்கு இது தோதா இருக்கும், அதை நான் மறுக்கல. ஆனா எனக்கு எந்திரிச்சா அப்படியேதான் இருந்துச்சு. மூணு தடவை போயும் சொல்லிக்கிற மாதிரி ஒண்ணும் இல்ல. அந்தக் கால் நீளம் பார்க்குறதும் எனக்கு நம்பிக்கை வரல, ஒரு நாள் இடது கால் குட்டைன்னாரு, அடுத்த வாரம் வலது கால் குட்டைன்னாரு.

இதுல எனக்கு வயிறெரிஞ்ச விசயம், முதல் நாளே 12 சிட்டிங்குக்கு 9600 ரூபாய் வாங்கிட்டாங்க. "பாதியில விட்டா எலும்பு பழையபடி போயிரும்"னு ஒரு பயம் காட்டுனாங்க, வலியில இருந்த நான் கட்டிட்டேன். மூணு தடவைக்கு அப்புறம் வரலைன்னு சொல்லி மீதியைக் கேட்டா, திருப்பித் தர்றது வழக்கம் இல்லைங்கிறாங்க. மொத்தமா பணம் கட்டாதீங்க, எந்த இடமா இருந்தாலும் சரி. நாலு தடவையில ஒரு மாற்றமும் தெரியலைன்னா அதே முறையை மேல இழுக்கிறதுல அர்த்தம் இல்ல.

எனக்கு மட்டும்தான் இப்படியான்னு தேடிப் பார்த்தேன். அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல இதையே நேருக்கு நேரா சோதிச்சு 2015ல வெளியிட்டிருக்காங்க, மூணு மாசத்துக்கு உட்பட்ட புது இடுப்பு வலி உள்ள 107 பேரை மூணா பிரிச்சு, ஒரு கூட்டத்துக்கு கையால தள்ளுறது, ஒரு கூட்டத்துக்கு கருவி, ஒரு கூட்டத்துக்கு வழக்கமான டாக்டர் மருந்து. நாலு வாரத்துல கையால தள்ளுன கூட்டத்துக்குத்தான் வலி அதிகமா குறைஞ்சிருக்கு, கருவிக்கும் மருந்துக்கும் பெரிசா வித்தியாசம் இல்ல. என் அனுபவமும் அப்படியே பொருந்திப் போச்சேன்னு படிச்சேன். ஆனா அதோட அடுத்த வரிதான் முக்கியம். மூணு மாசம், ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா மூணு கூட்டமும் ஏறக்குறைய ஒண்ணுதான். அதாவது கையால தள்ளுறது வேகமா எழுப்பி விடுது, தினக்கூலிக்கு ஓடுறவனுக்கு அந்த நாலு வாரம் பெரிய விசயம், ஆனா அதுவே நிரந்தர வைத்தியம்னு நினைக்கக் கூடாது. ஏப்ரல்ல எனக்கு ஏன் திரும்ப வந்துச்சுங்கிறதுக்கும் பதில் அதுலயே இருக்கு. நான் பிப்ரவரியில வலி போனதும் வேற ஒண்ணுமே மாத்தல, அதே சீட்டு, அதே மாதிரி மூட்டை தூக்குறது.

மூணாவது இடம் ஜூலையில, கோயம்புத்தூர்லயே ஒரு பிசியோதெரபி இடம். பெட்ல இழுக்கிற முறை. இதுதான் எனக்குப் பிடிச்சது, காரணம் சொல்றேன்.

பெட்டு ரெண்டு பாகமா இருக்கும், இடுப்புக்குக் கீழ இருக்கிற பாகம் தனியா கீழ இறங்கி ஏறும். குப்புறப் படுத்துக்கணும், அவங்க ஒரு கையை முதுகெலும்புல ஒரு இடத்துல அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால பெட்டோட கீழ்ப் பாகத்தை மெதுவா இறக்குவாங்க, இடுப்பு வளைஞ்சு லேசா இழுபடும், ரெண்டு மூணு செகண்டு, திரும்ப மேல. மாவு ஆட்டுற தாளத்துல அப்படியே போய்க்கிட்டே இருக்கும். காக்ஸ்ங்கிற அமெரிக்க கைரோபிராக்டரு பேருல இதைச் சொல்றாங்க. இடுப்புல பெல்ட் கட்டி வெயிட் தொங்க விட்டு படுக்கப் போட்டுட்டுப் போயிருவாங்களே, அந்த டிராக்சன் வேற, இது வேற, குழப்பிக்காதீங்க. இதுல ஒரு ஆளு கூடவே இருந்து கையால உணர்ந்துக்கிட்டே பண்றாங்க, வலிச்சா அந்த இடத்துலயே நிறுத்துறாங்க. காலுக்கு இறங்குற வலி உள்ளவங்களுக்கு முறுக்கித் தள்ளுறதை விட இதைத்தான் நிறைய பேரு முதல்ல பண்றாங்க. எனக்கு அந்த நேரம் இடது தொடை வரைக்கும் லேசா இறங்க ஆரம்பிச்சிருந்துச்சு, ரெண்டாவது தடவையில அது மேல ஏறி குறுக்குல மட்டும் நின்னுச்சு. வலி காலை விட்டு மேல ஏறுறது நல்ல அறிகுறின்னு அங்க வைத்தியம் பார்த்த பிசியோதெரபி தங்கச்சி விளக்குனாங்க.

வேகமா தள்ளுறதையும் இந்த மெதுவான இழுப்பையும் ஒப்பிட்டு 2016ல ஒரு ஆய்வு வந்திருக்கு, 192 பேரு, ரெண்டு வாரத்துல நாலு தடவை வைத்தியம், ஒரு கூட்டத்துக்கு ஒண்ணும் பண்ணாம காத்திருக்கச் சொல்லிட்டாங்க. ரெண்டு முறையும் காத்திருந்தவங்களை விட நல்லா உதவியிருக்கு, ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் இல்ல. அதனால படக்குனு சத்தம் வந்தாதான் வைத்தியம்னு நினைச்சு பயத்தோட போய் படுக்க வேண்டிய அவசியமே இல்லைங்க.

ஆனா நான் அந்த இடத்தைப் பிடிச்சதுன்னு சொன்னதுக்கு பெட்டு மட்டும் காரணம் இல்ல. முதல் நாள் முக்கால் மணி நேரம் அந்தத் தங்கச்சி என்னைப் பேச விட்டாங்க. எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க அண்ணே, மூட்டை எத்தனை கிலோ, எந்தக் கையால கியர், சீட்டுல முதுகு படுமா, முட்டி எந்த உயரத்துல இருக்கும்னு கேட்டுக் கேட்டு எழுதிக்கிட்டாங்க. டாக்டரம்மா பண்ணுன அந்த கால் சோதனை எல்லாம் திரும்பவும் பண்ணுனாங்க. தடவைக்கு 700 ரூபாய், அஞ்சு தடவை போதும், மீதியை நீங்கதான் பண்ணணும்னு மூணு பயிற்சி சொல்லிக் கொடுத்தாங்க. மல்லாக்கப் படுத்து இடுப்பைத் தூக்குறது, முட்டி போட்டு எதிர் எதிர் கையும் காலும் நீட்டுறது, பூனை மாதிரி முதுகை வளைச்சு நிமிர்த்துறது. மேல குன்னூர்லயே பிசியோ இருக்காங்க, பயிற்சியை சரியா பண்றீங்களான்னு அங்க காட்டிக்கோங்க, இதுக்காக இவ்வளவு தூரம் இறங்காதீங்கன்னும் அவங்களே சொல்லிட்டாங்க. தன் இடத்துக்கு வர வேண்டாம்னு சொல்ற ஆளை வேற எங்க பார்த்திருக்கோம்?

இன்னும் ரெண்டு வகை இருக்கு, நான் பண்ணிக்கல, பார்த்ததை மட்டும் சொல்றேன். தாம்சன் டிராப்னு, பெட்டோட ஒரு துண்டை அரை இஞ்சு போல தூக்கி வச்சு அழுத்துனா அது டக்குனு கீழ விழும், சத்தம் பெட்டுலதான் வருது, உடம்புல இல்ல. அப்புறம் கான்ஸ்டெட்னு ஒண்ணு, எக்ஸ்ரே எடுத்து கோடு போட்டு அளந்து பண்றது. சாதாரண இடுப்பு வலிக்கு எக்ஸ்ரே எடுத்து அளக்குறது எனக்கு சரியாப் படல.

முதுகைக் கையால தள்ளுற இந்த வைத்தியம் மொத்தமா கணக்குப் பார்த்தா எவ்வளவு உதவும்னு கேட்டா, 2017ல புது இடுப்பு வலிக்கான 26 ஆய்வைச் சேர்த்துப் பார்த்ததுல வலிக்கு நூத்துக்கு மார்க் போட்டா அதுல சுமார் 10 புள்ளி குறையுதுன்னு வந்திருக்கு. 2019ல நாள்பட்ட வலிக்கு 47 ஆய்வைச் சேர்த்ததுல, உடற்பயிற்சி மாதிரி மத்த நல்ல வைத்தியம் எவ்வளவு உதவுமோ அவ்வளவுதான் இதுவும். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டியில கையால தள்ளுற இந்த வைத்தியத்தை சேர்த்திருக்காங்க, பயிற்சியையும் சேர்த்திருக்காங்க, இடுப்பு பெல்ட்டும் டிராக்சனும் வழக்கமா கொடுக்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்க. நான் ஜனவரியில 1400 ரூபாய்க்கு வாங்குன பெல்ட் இப்போ வீட்டு ஆணியில தொங்குது.

இப்போ எங்க அத்தை விசயம். கோத்தகிரி பக்கம் தேயிலை பறிக்கிறவங்க, 63 வயசு, 30 வருசத்துக்கு மேல குனிஞ்சு நிமிர்ந்து சுமந்த முதுகு. நான் நிமிர்ந்து நடக்கிறதைப் பார்த்துட்டு "என்னையும் அந்த உடைக்கிறவர்கிட்ட கூட்டிட்டுப் போடா சாமி"ன்னாங்க. நான் முடியவே முடியாதுன்னுட்டேன். மூச்சுத் திணறலுக்கு வருசக்கணக்கா ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறவங்க, அது எலும்பை மெலிய வைக்கும், மூணு வருசத்துல உயரம் குறைஞ்ச மாதிரி தெரியுது, எலும்பு மெலிஞ்சிருந்தா அந்த ஒரு தள்ளுலயே நொறுங்கிரலாம். எலும்பு மெலிவு, புற்றுநோய் இருந்தவங்க, சமீபத்துல விழுந்தவங்க, காய்ச்சலோட முதுகு வலிக்கிறவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறவங்க, இவங்க யாரும் டாக்டரைப் பார்க்காம போய் படுக்கக் கூடாது. ஒண்ணுக்கு வராம அடைக்குது, இல்ல தெரியாமலே போகுது, உக்கார்ற இடம் மரத்திருச்சு, ரெண்டு காலும் பலம் குறையுதுன்னா எந்தப் பெட்டும் வேண்டாம், ராத்திரியா இருந்தாலும் நேரா பெரிய ஆஸ்பத்திரி. அதை ஒரு நாள் தள்ளிப் போட்டா ஆயுசுக்கும் காலு போயிரலாம்.

கழுத்தை மட்டும் நான் யாரையும் தொட விடல. இடுப்புக்குப் போனா "அப்படியே கழுத்தையும் ஒரு தடவை"ன்னு முதல் இடத்துல கை வச்சாங்க, வேண்டாம் சார்னு எந்திரிச்சுட்டேன். கழுத்து வழியா மூளைக்குப் போற ரத்தக்குழாய் இருக்கு, அபூர்வமா அது கிழிஞ்சு பக்கவாதம் வந்தவங்க இருக்காங்க. வலி இடுப்புல இருக்கு, கழுத்துல இல்லைன்னு சொல்ல நமக்கு உரிமை இருக்கு.

யாருகிட்ட போறீங்கன்னு பார்த்துப் போங்க. டாக்டருங்களுக்கு இருக்கிற மாதிரி கைரோபிராக்டிக்குக்கு நம்ம நாட்டுல தனி கவுன்சில் கிடையாது, அதனால போர்டுல என்ன எழுதியிருந்தாலும் எங்க படிச்சீங்க, எத்தனை வருசம் படிச்சீங்கன்னு வாய் விட்டுக் கேளுங்க. கேட்டா கோவப்படுற இடத்துல படுக்க வேண்டாம். எனக்கு வேணுங்கிறது முதுகுல கை வைக்கிறதுக்கு முன்னாடி காலைத் தூக்கிப் பார்க்கிற ஆளு.

என்னைக் கேட்டா, புதுசா பிடிச்ச வலி, காலுக்கு இறங்கல, எலும்பு நல்லா இருக்கு, சீக்கிரம் வேலைக்குப் போகணும்னா நல்லாப் படிச்ச ஆளுகிட்ட கையால தள்ளிக்கிறது தப்பில்ல, ரெண்டு மூணு தடவை. காலுக்கு இறங்குது, இல்ல முறுக்குறதுன்னா பயம்னா பெட்ல மெதுவா இழுக்கிறது. கருவிக்கு நான் திரும்ப காசு செலவு பண்ண மாட்டேன்.

ஆகஸ்ட்ல இருந்து நான் மாத்துனது சொல்றேன். மூட்டையை இப்போ நானும் லோடுமேன் தம்பியும் முட்டியை மடக்கித்தான் தூக்குறோம், காலைத் திருப்பி வச்சுட்டுத்தான் உடம்பைத் திருப்புறோம். சீட்டை ரெண்டு கட்டம் முன்னாடி இழுத்துட்டேன், குறுக்குக்கு ஒரு துண்டை மடிச்சு வச்சிருக்கேன். இறங்குறப்போ பர்லியார்ல வண்டியை ஓரம் கட்டி பத்து நிமிசம் நடப்பேன், மண்டிக்கு லேட்டாகுதுன்னு முதல்ல கமிசன் கடைக்காரரு சத்தம் போட்டாரு, இப்போ அவரே "நடந்துட்டு வாய்யா"ன்னு சொல்றாரு. நவம்பர்ல ஒரு தடவை லேசா பிடிச்சுது, சுடுதண்ணிப் பை வச்சேன், பயிற்சியை விடாம பண்ணுனேன், நாலாவது நாள் வண்டி எடுத்துட்டேன், கீழ எந்த இடத்துக்கும் போகல. அத்தையை எலும்பு அடர்த்தி சோதனைக்கு வர்ற செவ்வாய்க்கிழமை கூட்டிட்டுப் போறேன்.